பாலசுந்தரத்தின் வழக்கறிஞர்

1860-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள், ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னைத் துறையை விட்டுப் புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் நாள் அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டிலுள்ள டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துச் சென்ற முதல் இந்தியக் கூட்டம் அக்கப்பலில் இருந்தது. அதன் பின் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து கப்பலேறியவர்கள். பாலாற்றங்கரையிலுள்ள செவிலிமேடும் அதனை அடுத்த காஞ்சி மாநகரமும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. நேட்டாலுக்கு மிகுதியாக ஆட்களை அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் செங்கற்பட்டும் குறிப்பிடத்தக்கவை.

ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் திங்களுக்குப் பத்து ஷில்லிங் கூலி, ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயர்வு, உணவும் உறையுளும் முதலாளியின் பொறுப்பு. எழுத்தில் இவ்வளவே. அடித்தால் யாரிடம் சொல்வது, பல் உடைந்தால் யார் கேட்பது என்பதெல்லாம் கைந்நாட்டு வைத்தவர்களுக்கு விளங்காதவை. அக்கேள்விக்கு விடையாக முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் இளம் பாரிஸ்டர் வாய்த்தார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பது அவர் பெயர். மகாத்மா என்று உலகம் போற்றும் அவரை வழக்கறிஞராக எண்ணிப் பார்ப்போர் குறைவு. ஆனால் இருபதாண்டுக் காலம் வழக்குமன்றமே அவருடைய பள்ளிக்கூடமாக இருந்தது.

நா எழாத பாரிஸ்டர்

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள், 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். ‘இன்னர் டெம்பிள்’ என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்து பயின்று, 1891 ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டராக ஏற்கப்பெற்றார். மறுநாள் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டார். அதற்கு மறுநாள் தாயகத்திற்குக் கப்பலேறிவிட்டார்.

சட்ட நூல்களைக் கற்றிருந்தாரே தவிர, வழக்காடும் கலையை அவர் அறிந்திருக்கவில்லை. பம்பாயில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் அவருக்கு முதல் வழக்கு கிடைத்தது. கட்டணம் முப்பது ரூபாய். வழக்குப் பிடித்துத் தரும் தரகர்களுக்குப் பங்கு கொடுக்க அவர் இசையாத நிலையில் கிடைத்த வழக்கு அது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார். தலை சுற்றியது, மன்றமே சுழல்வது போலிருந்தது, கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அப்படியே அமர்ந்துவிட்டார். கட்டணத்தைத் திருப்பித் தந்து, வேறொரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டு மன்றத்தை விட்டு வெளியேறினார். போதிய துணிவு வரும் வரையில் வழக்கெடுப்பதில்லை என்றும் உறுதி செய்துகொண்டார்.

பின்னர் இராஜகோட்டையில் மனு எழுதிக் கொடுக்கும் தொழில் அவருக்கு ஓரளவு கைகொடுத்தது. திங்களுக்கு முந்நூறு ரூபாய் வரையில் வருவாய் கிட்டியது. அங்குதான் வாழ்க்கையில் முதல் பெரிய அவமதிப்பு நேர்ந்தது. தமையனாரின் பொருட்டுப் பரிந்து பேச ஆங்கிலேய அரசியல் ஏஜண்டைக் காணச் சென்றவரை, அவ்வதிகாரி சேவகனைக் கொண்டு தோளைப் பிடித்து வெளியே தள்ளச் செய்தார். கொதித்த இளைஞர் வழக்குத் தொடுப்பதாக எழுதி அனுப்பினார். அச்சமயம் இராஜகோட்டைக்கு வந்திருந்த பெரோஸ்ஷா மேத்தாவின் அறிவுரையை நாடினார். அக்கடிதத்தைக் கிழித்தெறிந்து, அவமதிப்பை விழுங்கிக்கொள்வதே நல்லது என்னும் பொருள்பட மேத்தா சொல்லியனுப்பினார். அறிவுரை எட்டிக்காயாகக் கசந்தது. ஆயினும் விழுங்கத்தான் வேண்டியிருந்தது. தமக்கு நேர்ந்த தீங்கிற்காக அவர் வழக்கிட எண்ணியது அதுவே முதலும் கடைசியும் ஆகும்.

நேட்டாலில்

போர்பந்தரைச் சேர்ந்த தாதா அப்துல்லா கம்பெனியார் தென்னாப்பிரிக்காவில் பெருவணிகம் நடத்தி வந்தனர். அவர்களுக்கும் உறவினரான தையப் சேட்டுக்கும் இடையே நாற்பதாயிரம் பவுன் பற்றிய வழக்கொன்று பிரிட்டோரியாவில் நடைபெற்று வந்தது. அவ்வழக்கில் உதவ, ஓராண்டுக்கு நூற்றைந்து பவுன் ஊதியத்தில் காந்தியடிகள் அமர்த்தப்பெற்றார். 1893 மே மாத இறுதியில் டர்பனில் இறங்கினார். தலைப்பாகையுடன் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தவரை, அதைக் கழற்றும்படி மாஜிஸ்திரேட் பணித்தார். அவர் மறுத்து வெளியேறினார். ஜூன் 7-ஆம் நாள் இரவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து தள்ளப்பட்டார். அடுத்து ஏறிய குதிரை வண்டியில், காலடியில் அமர மறுத்தமைக்காக வண்டித் தலைவனிடம் கன்னத்தில் அறை வாங்கினார். பிரிட்டோரியாவில், குடியரசுத் தலைவர் குரூகரின் வீட்டை ஒட்டிய நடைபாதையில் சென்றபோது, காவல் நின்றவன் முன்னறிவிப்பின்றி அவரை உதைத்துத் தெருவில் தள்ளினான்.

அவ்வழியே குதிரையில் வந்த நண்பர் கோட்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதைக் கண்டார். வழக்குத் தொடுத்தால் தாமே சாட்சி சொல்வதாக முன்வந்தார். வெள்ளையர் ஒருவரே கண்கூடான சாட்சி. இதனினும் வலுவான வழக்கு ஓர் இந்தியருக்கு அந்நாட்டில் கிடைத்தல் அரிது. காந்தியடிகளோ, தம் சொந்தக் குறைகளுக்காக நீதிமன்றம் செல்வதில்லை என்பதை ஒரு விதியாகக் கொண்டிருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். இராஜகோட்டையில் பிறர் சொல்லக் கசப்புடன் விழுங்கியதை, இங்கே தாமே விரும்பி நோன்பாக ஏற்றுக்கொண்டார்.

தாதா அப்துல்லாவின் வழக்கு அவருக்குத் தொழிலைக் கற்பித்தது. வழக்கின் வலிமையில் முக்கால் பங்கு நடந்த நிகழ்ச்சிகளைச் சரிவர அறிவதில் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். கணக்கு வைக்கும் முறையை நூல் வாங்கிப் படித்தார். வழக்கு நீண்டால் இரு தரப்பும் அழியும் எனக் கண்டு, உறவினர் இருவரையும் நடுவர் தீர்ப்புக்கு இசையச் செய்தார். தாதா அப்துல்லாவிற்கு முப்பத்தேழாயிரம் பவுனும் செலவுத் தொகையும் தீர்ப்பாயின. அத்தொகையை ஒரே தடவையில் கட்டினால் தையப் சேட் நொடித்துப் போவார். ஆகவே நெடுங்காலத் தவணைகளில் பெற்றுக்கொள்ளுமாறு வென்றவரிடமே மன்றாடி இசைவு பெற்றார். பிரிந்தவரைச் சேர்த்து வைப்பதே வழக்கறிஞரின் மெய்யான கடமை என்னும் தெளிவு அவருக்கு அப்போது பிறந்தது.

ஓராண்டு முடிந்து தாயகம் திரும்பவிருந்தவரை, இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா தடுத்து நிறுத்தியது. வணிகர்கள் இருபதின்மர் தத்தம் வழக்குகளுக்கென ஓராண்டு முன்பணம் தந்து அவரை டர்பனில் இருத்தினர். பொதுப்பணிக்கு ஊதியம் பெற அவர் இசையவில்லை. நேட்டால் உச்சநீதிமன்றத்தில் பதிவு பெற விண்ணப்பித்தபோது வெள்ளை வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. மன்றம் எதிர்ப்பைத் தள்ளி, 1894 செப்டம்பரில் அவரை ஏற்றுக்கொண்டது. உறுதிமொழி எடுத்ததும், மன்றத்தின் வழக்கப்படி தலைப்பாகையைக் கழற்றுமாறு முதன்மை நீதிபதி கூறினார். ஓராண்டுக்கு முன் மறுத்தவர் இப்போது பணிந்தார். நண்பர்கள் சிலர் வருந்தினர். பெரிய போர்களுக்கு வலிமையைச் சேமிக்க எண்ணியே அவர் அவ்வாறு செய்தார்.

கையில் முண்டாசு

1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரசு தோன்றியது. உறுப்பினர் கட்டணம் திங்களுக்கு ஐந்து ஷில்லிங்கிற்குக் குறையாதது. வணிகரும் எழுத்தரும் சேர்ந்தனர். பத்து ஷில்லிங் கூலிக்காரன் அதில் சேர்வது எங்ஙனம்? ஒப்பந்தக் கூலிகள் அவ்வமைப்புக்கு வெளியிலேயே நின்றனர்.

காந்தியடிகள் தொழில் தொடங்கி மூன்று நான்கு திங்கள்களே ஆகியிருந்தன. ஒரு நாள் கந்தல் உடையுடன் ஒரு தமிழர் அவருடைய அலுவலகத்தில் வந்து நின்றார். முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து குருதி வழிந்துகொண்டிருந்தது. உடல் நடுங்க, கண்ணீர் பெருக, முண்டாசைக் கையில் ஏந்தி நின்றார். பெயர் பாலசுந்தரம். டர்பனில் பலரும் அறிந்த வெள்ளையர் ஒருவரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். முதலாளி சினங்கொண்டு அடித்த அடியில் பற்கள் உடைந்தன. அலுவலகத்தில் இருந்த தமிழ் எழுத்தர் வாயிலாக நடந்தவை அனைத்தையும் காந்தியடிகள் கேட்டறிந்தார்.

அடுத்து அவர் செய்தவை, காயம்பட்டோர் வழக்கை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு இன்றும் பாடமாகும். ஆத்திரத்துடன் முதலாளியிடம் ஓடவில்லை. முதலில் பாலசுந்தரத்தை ஒரு வெள்ளை மருத்துவரிடம் அனுப்பினார். காயத்தின் தன்மை குறித்துச் சான்றிதழ் பெற்றார். பின்னர்க் காயம்பட்டவரை நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று, அவருடைய வாக்குமூலத்தை ஒப்படைத்தார். அதைப் படித்த மாஜிஸ்திரேட் கொதிப்படைந்து முதலாளிக்குச் சம்மன் பிறப்பித்தார். புண் ஆறுமுன், நினைவு மங்குமுன், சான்று கைக்கு வந்துவிட்டது.

முதலாளியைத் தண்டிப்பது காந்தியடிகளின் நோக்கமன்று. பாலசுந்தரத்தை அவரிடமிருந்து விடுவிப்பதே நோக்கம். அதற்காக ஒப்பந்தக் கூலிச் சட்டத்தை ஆராய்ந்தபோது அதன் உண்மை உருவம் புலப்பட்டது. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டால், முதலாளி உரிமையியல் மன்றத்தில் வழக்கிடலாம், அவ்வளவே. ஒப்பந்தக் கூலி அவ்வாறு விட்டாலோ அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. முதலாளியின் உடைமைப் பொருள் போன்றவன் அவன். இந்நிலை அடிமைத்தனத்தோடு ஒத்தது என்று வில்லியம் ஹண்டர் போன்ற ஆங்கிலேயரே கருதினர். பாலசுந்தரம் விடுபட இரண்டு வழிகளே இருந்தன. ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாவலர் என்னும் அதிகாரி ஒப்பந்தத்தை நீக்கவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ வேண்டும். அல்லது முதலாளியே விட்டுக்கொடுக்க வேண்டும்.

காந்தியடிகள் முதலாளியைச் சென்று கண்டார். தண்டனை வாங்கித் தர விருப்பமில்லை என்றும், ஒப்பந்தத்தை மாற்றித் தந்தால் போதும் என்றும் கூறினார். முதலாளி இசைந்தார். பாதுகாவலரும் இசைந்தார், ஆனால் புதிய முதலாளியைக் காந்தியடிகளே தேடித் தர வேண்டும் என்றார். இந்தியர் எவரும் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தராது. ஆகவே நல்லியல்புடைய வெள்ளையர் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. அந்நாளில் அவருக்கு அறிமுகமான ஐரோப்பியர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் பாலசுந்தரத்தை ஏற்க முன்வந்தார். முதலாளி குற்றவாளி என்று மாஜிஸ்திரேட் தீர்ப்பளித்து, ஒப்பந்தத்தை மாற்றித் தர அவர் இசைந்ததையும் பதிவு செய்தார்.

வழக்கு வென்றது. ஆயினும் அவ்வெற்றியின் எல்லையையும் காண வேண்டும். பாலசுந்தரத்தின் முதலாளி மாறினாரே ஒழிய ஒப்பந்தம் அறுபடவில்லை. ஒரு வெள்ளையரின் உடைமையாக இருந்தவர் மற்றொரு வெள்ளையரின் உடைமையானார். திறமை மிக்க வழக்கறிஞர், நேர்மையான மாஜிஸ்திரேட், மறுக்கவியலாத மருத்துவச் சான்று ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தும் சட்டம் கொடுக்க முடிந்தது இவ்வளவே. சட்டத்திற்குள் நின்று பெறக்கூடியதை இறுதி வரை பெற்றுப் பார்த்தவருக்கே அச்சட்டம் தீயது என்று சொல்லும் தகுதி வரும். காந்தியடிகள் அத்தகுதியை இவ்வழக்கில் ஈட்டத் தொடங்கினார்.

இவ்வழக்கில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒப்பந்தக் கூலியோ வேறு எந்த எளிய இந்தியனோ வெள்ளையர் முன் செல்லும்போது தலையில் இருப்பதைக் கழற்றிவிட வேண்டும். குல்லாயாயினும் துண்டாயினும் அதுவே வழக்கம். இரு கைகளாலும் கும்பிட்டால்கூடப் போதாது. காந்தியடிகளிடம் வந்த பாலசுந்தரமும் அதே பழக்கத்தால் முண்டாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைக் கண்டு நெஞ்சு நொந்த காந்தியடிகள், முண்டாசைக் கட்டிக்கொள்ளும்படி கூறினார். பாலசுந்தரம் தயங்கினார்; பிறகு கட்டிக்கொண்டார். அந்த முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி காந்தியடிகளுக்கு முப்பதாண்டு கழித்துத் தம் வரலாற்றை எழுதும்போதும் மறக்கவில்லை. சில திங்களுக்கு முன் நீதிபதியின் ஆணைக்காகத் தம் தலைப்பாகையைக் கழற்றியவர் அவர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் அந்நிகழ்ச்சியின் ஆழம் விளங்கும்.

செய்தி தோட்டந்தோட்டமாகப் பரவியது. தமக்காக வாதாட ஒருவர் உண்டு என்னும் நம்பிக்கையோடு ஒப்பந்தக் கூலிகள் அவரது அலுவலகத்தை நாடி வரலாயினர். 1896-இல் தாயகம் வந்த காந்தியடிகள், அக்டோபர் 26-ஆம் நாள் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் நேட்டால் இந்தியரின் நிலையை எடுத்துரைத்தார். பாலசுந்தரத்தின் வழக்கு அந்த அவையினரின் உள்ளத்தை ஆழத் தொட்டது.

தம் காயத்திற்கு வழக்கில்லை

அவ்வாண்டு இறுதியில் நேட்டாலுக்குத் திரும்பியபோது, அவர் வந்த கப்பலும் உடன் வந்த கப்பலும் துறைக்கு வெளியே இருபத்து மூன்று நாள் நிறுத்தி வைக்கப்பெற்றன. 1897 ஜனவரி 13-ஆம் நாள் கரையிறங்கியதும் வெள்ளையர் கூட்டம் சூழ்ந்து கொண்டது. கல்லும் அழுகிய முட்டையும் வீசினர், தலைப்பாகையைப் பறித்தெறிந்தனர், அடியும் உதையும் பட்டு, ஒரு வீட்டின் கம்பி வேலியைப் பற்றி மயங்கி நின்றார். காவல்துறைக் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்சாண்டர் தம் குடையை விரித்து இடையில் நின்று அவரைக் காத்தார். அன்றிரவு பார்சி ருஸ்தம்ஜியின் வீட்டைச் சூழ்ந்த கூட்டத்தின் நடுவே, இந்தியக் காவலரின் உடையில் அவர் தப்பிச் செல்ல நேர்ந்தது. தலைக்குக் கவசமாக, ஒரு தட்டின் மேல் சென்னைத் துண்டு ஒன்றைச் சுற்றி முண்டாசாகக் கட்டிக்கொண்டார்.

குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த ஜோசப் சேம்பர்லேன், அடித்தோர் மீது வழக்குத் தொடருமாறு இலண்டனிலிருந்து தந்தி அனுப்பினார். நேட்டால் அரசின் சார்பில் எஸ்கோம்ப் காந்தியடிகளை அழைத்து, தாக்கியோரை அடையாளம் காட்டக் கோரினார். காந்தியடிகள் மறுத்தார். தவறான செய்தியால் தூண்டப்பெற்ற மக்களைத் தண்டிப்பதில் பயனில்லை என்றார். அதை எழுத்திலும் தந்தார். பாலசுந்தரத்தின் இரண்டு பற்களுக்காக அன்றே மருத்துவரையும் மாஜிஸ்திரேட்டையும் நாடியவர், தம் உடல் முழுதும் பட்ட காயங்களுக்கு வழக்கு வேண்டாம் என்றார். இரண்டும் முரண் போலத் தோன்றும். எளியவன் பட்ட அடியை மன்னிக்கும் உரிமை அவனுடைய வழக்கறிஞருக்கு இல்லை; தாம் பட்டதை மன்னிக்கும் உரிமை தமக்கு உண்டு. இவ்வேறுபாட்டை அவர் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை.

1903-இல் ஜோகன்னஸ்பர்கில் அலுவலகம் அமைத்தார். அந்நகரின் இந்தியர் குடியிருப்பில் ஏழைகள் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையில் மனை வைத்திருந்தனர். நகராட்சி அவ்விடத்தைக் கையகப்படுத்தி ஈடு தர முன்வந்தது. அத்தொகையை ஏற்காதவர் தனி நடுவர் மன்றத்தில் முறையிடலாம். பெரும்பாலோர் காந்தியடிகளையே அமர்த்திக்கொண்டனர். வென்றால் மன்றம் வழங்கும் செலவுத் தொகையும், வெல்லினும் தோற்பினும் வழக்கொன்றுக்குப் பத்துப் பவுனும் போதும் என்று அவர் கூறினார். அதிலும் பாதியை ஏழைகளுக்கான மருத்துவமனை போன்ற பணிக்கு ஒதுக்குவதாகச் சொன்னார். ஏறத்தாழ எழுபது வழக்குகளில் ஒன்றே ஒன்றுதான் தோற்றது. அம்மக்கள் அவரை ஐயா என்றோ சாகிப் என்றோ அழைக்கவில்லை. உடன்பிறந்தான் என்னும் பொருளுடைய ‘பாய்’ என்னும் சொல்லால் அழைத்தனர்.

தொழிலில் அவர் கொண்ட நேர்மை கடுமையானது. ஒரு வழக்கில், தம் கட்சிக்காரருக்குச் சாதகமாக நடுவர்கள் செய்திருந்த கணக்குப் பிழையைத் தாமே உச்சநீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார். மூத்த வழக்கறிஞர் தடுத்தும் கேட்கவில்லை. இறுதியில் அவ்வழக்கும் வென்றது. கட்சிக்காரர் பொய் சொன்னதை விசாரணையின் நடுவில் அறிந்து, வழக்கைத் தள்ளிவிடுமாறு மாஜிஸ்திரேட்டையே வேண்டிய நிகழ்ச்சியும் உண்டு.

அவருடைய பார்வையிலும் அந்நாளில் குறை இருந்தது. இந்தியரின் உரிமைக்காக வாதாடியபோது, ஆப்பிரிக்க மண்ணின் மக்களோடு இந்தியரைச் சேர்த்தெண்ணலாகாது என்னும் பொருள்பட அவர் எழுதிய விண்ணப்பங்களும் பேச்சுகளும் உள்ளன. அம்மக்களைக் குறித்து அவர் கையாண்ட சொற்கள் இன்று படிப்போர் நெஞ்சை வருத்தும். 1906-இல் சூலு மக்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பெற்றபோது, அவர் அரசின் பக்கம் மருத்துவத் தொண்டராகச் சென்றார். கசையடி பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்த சூலுக்களின் புண்களைக் கழுவிக் கட்டும் பணியே அங்கு வாய்த்தது. அக்காட்சி அவரை உலுக்கியது. பார்வை விரிய நாளாயிற்று என்பதை மறைப்பது அவருக்குப் பெருமை சேர்க்காது. தம் பிழைகளை மறைக்கும் வழக்கம் அவரிடமே இல்லை.

குற்றவாளிக் கூண்டில்

1907-இல் டிரான்சுவாலில், ஆசியர் அனைவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச்சீட்டு வைத்திருக்க வேண்டுமென்னும் சட்டம் வந்தது. அதற்குப் பணிய மறுத்த காந்தியடிகள், 1908 ஜனவரி 10-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்தில் நிறுத்தப்பெற்றார். எத்தனையோ முறை வழக்கறிஞராக நின்ற அதே மன்றத்தில் குற்றவாளியாக நிற்கச் சிறிது கூச்சம் ஏற்பட்டது. ஆயினும் தமக்கு உச்சத் தண்டனை வழங்க வேண்டினார். இரண்டு திங்கள் வெறுங்காவல் கிடைத்தது.

ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஏற்பட்ட உடன்பாட்டால் விடுதலையானவர், பிப்ரவரி 10-ஆம் நாள் பதிவுக்குச் செல்லும் வழியில், பழைய கட்சிக்காரரான மீர் ஆலம் என்னும் பட்டாணியர் தம் தோழருடன் வழிமறித்து அடித்ததில் மயங்கி விழுந்தார். உடன் சென்ற தம்பி நாயுடுவும் தடுக்க முயன்று அடிபட்டார். உணர்வு திரும்பியதும், தம்மை அடித்தோர் மீது வழக்குத் தொடர வேண்டாம் என அரசுத் தலைமை வழக்கறிஞருக்குத் தந்தி அனுப்பச் செய்தார். நடுத்தெருவில் நடந்த குற்றத்தை ஒருவர் விருப்பப்படி விட இயலாது என வெள்ளையர் வற்புறுத்தியதால் வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. காந்தியடிகள் சாட்சி சொல்லச் செல்லவில்லை.

பாலசுந்தரத்தின் வழக்கு எழுப்பிய கேள்வி இன்னும் தீராமலே இருந்தது. 1895-இல் நேட்டால் அரசு புதுச் சட்டம் ஒன்று இயற்றியது. ஐந்தாண்டு முடிந்த கூலி தாயகம் திரும்ப வேண்டும். அன்றி மீண்டும் ஒப்பந்தம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் இசையாதவர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும். பதினாறு வயது கடந்த ஆண்மகனுக்கும் பதின்மூன்று கடந்த பெண்ணுக்கும் இவ்வரி உண்டு. கணவன், மனைவி, இரண்டு மக்கள் அடங்கிய குடும்பத்திற்குப் பன்னிரண்டு பவுன், அதாவது 240 ஷில்லிங். திங்களுக்கு 14 ஷில்லிங் பெறும் குடும்பத் தலைவனின் ஆண்டு வருவாயோ 168 ஷில்லிங். வருவாயினும் வரி மிகுதி! மனுக்கள் பல போயின, பயனில்லை.

1913-இல் அப்போர் வெடித்தது. தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியடிகளின் தலைமையில் டிரான்சுவால் எல்லையைக் கடந்து நடந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பாலசுந்தரத்தின் இனத்தார். ஒப்பந்தக் கூலிகளும் அவர்தம் வழியினரும். சிறை சென்று நோயுற்று மீண்ட பதினாறு வயது வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள். அவ்வாண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறி மூன்று பவுன் வரி ஒழிந்தது. வழக்குமன்றத்தில் பெற முடியாததை நடந்தும் சிறை சென்றும் உயிர் கொடுத்தும் அம்மக்கள் பெற்றனர். 1914 ஜூலை 18-ஆம் நாள் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு தமிழ்நாட்டிற்கு வந்தபோது, தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர்நீத்த வள்ளியம்மை, நாகப்பன் ஆகியோரின் மண்ணைக் காணத் தரங்கம்பாடிப் பகுதிக்குச் சென்றார்.

வழக்கறிஞரின் முடிவு

தொழிலை விட்ட பின்னும் வழக்கறிஞரின் முறையை அவர் விடவில்லை. 1917-இல் சம்பாரணில் அவுரி பயிரிடும் குடியானவர்களின் குறைகளைக் கேட்டபோது, பீகார் வழக்கறிஞர்களை எழுத்தர்களாக அமர்த்தினார். ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும் குறுக்கு விசாரணை செய்து, நிலைநிற்காதவற்றை நீக்கிய பின்னரே பதிவு செய்யச் சொன்னார். பாலசுந்தரத்தை முதலில் மருத்துவரிடம் அனுப்பிய அதே எச்சரிக்கை ஆயிரக்கணக்கான வாக்குமூலங்களில் தொடர்ந்தது.

1922 மார்ச் 18-ஆம் நாள் அகமதாபாத்தில், அரசுக்கு எதிராக எழுதிய குற்றத்திற்காக நீதிபதி புரூம்பீல்டின் முன் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறாண்டுச் சிறை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் இன்னர் டெம்பிள் அவருடைய பெயரைத் தன் பட்டியலினின்றும் நீக்கியது. 1948 ஜனவரி 30-ஆம் நாள் அவர் மறைந்தபோதும் அப்பெயர் நீங்கியே இருந்தது. 1988-இல்தான் மீண்டும் சேர்க்கப்பெற்றது.

அப்பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் இலண்டன் கழகத்தின் உரிமை. ஆனால் அவரை வழக்கறிஞராக முதலில் ஏற்றுக்கொண்ட எளிய மக்கள் அப்பட்டியலைப் பார்த்து ஏற்றவர்கள் அல்லர். உடைந்த பற்களைச் சட்டம் திருப்பித் தரவில்லை, ஒப்பந்தத்தையும் அறுத்துவிடவில்லை. ஆயினும் கையில் முண்டாசுடன் அந்த அலுவலகத்திற்குள் நுழைந்த பாலசுந்தரம், தலையில் முண்டாசுடன் நின்று தம் குறையைச் சொல்ல முடிந்தது. அவர் மனுவில் எழுதிக் கேளாத ஒன்றை அவருடைய வழக்கறிஞர் முதல் நாளிலேயே அவருக்குத் தந்துவிட்டார்.